‘நார்மல்’ என்று வந்த ரிப்போர்ட்டும் என் பிட்யூட்டரியும்

முதலில் குறைந்தது சவரம்தான். தினமும் காலையில் ரேசர் எடுக்காமல் வெளியே கிளம்ப முடியாத ஆள் நான். 32 வயதைத் தாண்டியபோது அது இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆனது, பிறகு நான்கு நாளுக்கு ஒருமுறை. ஒரு பிளேடு மாதக்கணக்கில் உழைத்தது. காலையில் பத்து நிமிடம் மிச்சமாகிறது என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து தலைவலி. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்காருகிறவனுக்குத் தலைவலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கண்ணாடி மாற்றினேன், மறுபடி மாற்றினேன். பிறகு அலுப்பு. அந்தரங்க விருப்பமும் மெல்ல மெல்ல வற்றிப்போனது. இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் மீதி எதற்கும் அர்த்தம் இல்லை. வேலைப் பளு, வயது, மனசு சரியில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரக்கூடும் என்று தோன்றவே இல்லை.

குழந்தைக்காக இரண்டு வருடம் முயற்சி செய்தோம். அந்த இரண்டு வருடமும் பரிசோதனை மேசையில் படுத்தது என் மனைவிதான். ஸ்கேன், முட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்டடி, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே என்று அவளுக்கு நடக்காதது பாக்கி இல்லை. என்னை விந்துப் பரிசோதனைக்கு அனுப்பியது அதற்கெல்லாம் பிறகுதான். ஒரு மில்லிக்கு 40 லட்சம் என்று வந்தது. குறைந்தபட்சம் 1.6 கோடியாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டுக் கணக்கு.

உடனே ஹார்மோன் பரிசோதனை. டெஸ்டோஸ்டீரோன் 148 நானோகிராம். அந்த லேபின் கீழ் எல்லையில் ஏறக்குறைய பாதி. பிட்யூட்டரி என்ற சுரப்பியிலிருந்து வரும் இரண்டு ஹார்மோன்களில் எல்ஹெச் 2.1, எஃப்எஸ்ஹெச் 2.4. இந்த இரண்டுக்கும் பக்கத்தில் தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. நார்மல். நாங்கள் பார்த்த டாக்டரும் அப்படித்தான் படித்தார். "மத்ததெல்லாம் நார்மலா இருக்கு. டெஸ்டோஸ்டீரோன் மட்டும்தான் கம்மி. ஊசி போட்டா ஏறிடும்."

ஏறியது. மூன்று மாதத்தில் ரிப்போர்ட் அழகாக இருந்தது. ஐந்தாவது மாதம் மறுபடி விந்துப் பரிசோதனை செய்தபோது எண்ணிக்கை பூஜ்யம். 40 லட்சத்திலிருந்து ஒன்றுமே இல்லாமல் போயிருந்தது.

அந்த முதல் ஹார்மோன் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பிறகு எனக்குப் படித்துக் காட்டியவர் ஒரு ஹார்மோன் டாக்டர். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

பிட்யூட்டரி பட்டாணி அளவு சுரப்பி. அரை கிராம் எடைதான். மூளைக்கு அடியில், மூக்கின் வேருக்குப் பின்னால், எலும்பில் குடைந்த ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. (பழைய கிரேக்க மருத்துவர் கேலன், மூளையின் கழிவு இதன் வழியாகத்தான் மூக்குச் சளியாக இறங்குகிறது என்று நினைத்தார். பெயரே லத்தீனில் சளியைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் வந்தது.) இதிலிருந்து எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்று இரண்டு ஹார்மோன்கள் ரத்தத்தில் இறங்குகின்றன. ஆணிடம் எல்ஹெச் விரைகளுக்குப் போய் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கச் சொல்கிறது. எஃப்எஸ்ஹெச் விந்தணு வளர்க்கும் செல்களை வேலை வாங்குகிறது. பெண்ணிடம் அதே இரண்டும் சினைப்பைக்குப் போகின்றன. முட்டையை வளர்ப்பது, ஈஸ்ட்ரோஜன் சுரக்க வைப்பது, நாள் வந்ததும் முட்டையை வெளியேற்றுவது எல்லாம் இவற்றின் கட்டளைதான்.

கீழே சுரப்பது போதுமான அளவு வந்துவிட்டால், அந்தச் செய்தி ரத்தத்தின் வழியாகவே மேலே போகும். பிட்யூட்டரி குரலைத் தாழ்த்திக்கொள்ளும். கீழே குறைந்தால் குரலை உயர்த்தும்.

"உங்க டெஸ்டோஸ்டீரோன் 148. கீழே வேலை நடக்கலைன்னா மேலே சத்தம் கேட்கணும். எல்ஹெச் 15, 20னு இருக்கணும். உங்களுக்கு 2.1. வேலை செய்யாதவனைப் பார்த்தும் மேனேஜர் வாயைத் திறக்கலைன்னா கோளாறு யார்கிட்ட?" என்றார் அவர். "இதுல நார்மல்னு போட்டிருக்கிறதுதான் உங்க வியாதி."

லேப் அச்சடிக்கும் எல்லை, டெஸ்டோஸ்டீரோன் சரியாக இருக்கும் ஆணுக்கானது. 148 வைத்திருப்பவனுக்கு 2.1 என்பது ஏறக்குறைய மௌனம்.

ஊசி ஏன் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. விந்தணு வளர, விரைக்குள்ளேயே டெஸ்டோஸ்டீரோன் இருக்க வேண்டும், அதுவும் ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு. ஊசியில் போட்டது ரத்தத்தை நிரப்பியது. மேலே ‘போதும்’ என்று செய்தி போனது. ஏற்கெனவே முனகலாக இருந்த பிட்யூட்டரியின் குரல் அதோடு அடங்கிவிட்டது. எல்ஹெச் இல்லாததால் விரைக்குள் உற்பத்தி நின்றது. குழந்தை வேண்டும் என்று போனவனுக்குக் கிட்டத்தட்ட கருத்தடை ஊசி போட்டிருக்கிறார்கள். இந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தணியவில்லை. ஜிம்மில் உடம்பு ஏற்ற இதே ஊசியைப் போட்டுக்கொள்கிற பையன்களைப் பார்த்தால் பிடித்து உட்கார வைத்துச் சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் நான் அந்த டாக்டரிடம் நேராகப் போய்ச் சேரவில்லை. வழியில் கதவு நிலை ஒன்று குறுக்கிட்டது.

கொஞ்ச நாளாகவே நிலைகளில் தோளை இடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும்தான். வண்டியின் இரு பக்கக் கண்ணாடிகளிலும் கீறல். "என்னங்க, பக்கத்துல நிக்கிற என்னையே பாக்காமப் போறீங்க" என்று மனைவி ஒருநாள் கோபித்துக்கொண்டாள். கண் டாக்டரிடம் எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடங்கல் இல்லாமல் படித்தேன். அவருக்கு என்ன தோன்றியதோ, பார்வைப் பரப்பு பார்க்கும் இயந்திரத்தில் உட்கார வைத்தார்.

வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தை நுழைத்தாற்போல இருக்கும். தாடையைத் தாங்கியில் வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். எங்காவது வெளிச்சப் பொட்டு மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்று மின்னியது, அழுத்தினேன். இன்னொன்று. பிறகு நெடுநேரம் எதுவுமே இல்லை. இயந்திரம் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, "ஏதாவது சிக்கலா?" என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு நொடி தயங்கிவிட்டு, "இல்ல சார், ஓடிட்டுதான் இருக்கு" என்றார். நான் சும்மா இருந்த நேரமெல்லாம் ஓரங்களில் பொட்டுகள் மின்னிக்கொண்டே இருந்திருக்கின்றன.

அச்சாகி வந்த படத்தில் வலது கண்ணுக்கு வலப்பாதி கறுப்பு, இடது கண்ணுக்கு இடப்பாதி கறுப்பு. இரண்டு கண்களிலும் வெளிப்பக்கத்தைப் பார்க்கும் நரம்பிழைகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடம் பிட்யூட்டரிக்கு நேர் மேலே இருக்கிறது. சுரப்பி மேல்நோக்கி வீங்கினால் முதலில் நசுங்குவது அதுதான். அன்று மாலையே எம்ஆர்ஐ எடுத்தார்கள். பட்டாணி இருக்க வேண்டிய இடத்தில் 38 மில்லிமீட்டர் கட்டி.

இந்த வகைக் கட்டிகள் மிகப் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று ராத்திரி நாங்கள் இருவரும் தூங்கவில்லை.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தார்கள். மூக்கு வழியாகக் கருவியை விட்டு எடுப்பார்கள். அதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ப்ரோலாக்டின் என்ற இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோன் 86. ஆண்களுக்குப் பதினைந்து, இருபதைத் தாண்டக் கூடாது. பிட்யூட்டரி சுரக்கும் மற்ற ஹார்மோன்களுக்கு மேலிருந்து ‘சுர’ என்று உத்தரவு வர வேண்டும். ப்ரோலாக்டினுக்கு மட்டும் தலைகீழ்: ‘சுரக்காதே’ என்று மூளையிலிருந்து டோபமைன் என்ற ரசாயனம் ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கும். எந்தக் கட்டியானாலும் சுரப்பியின் காம்பை நசுக்கினால் டோபமைன் வரத்துக் குறையும், ப்ரோலாக்டின் கொஞ்சம் ஏறும். 86 என்பதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அறுவைக்கு முன் ஒரு பார்வைக்காக ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார்கள். நான் மேலே சொன்னவர் இவர்தான். எம்ஆர்ஐ படத்தையும் 86-ஐயும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய கட்டிக்கு இந்த எண் பொருந்தலையே" என்று சொல்லி லேபுக்குப் போன் போட்டார். அதே ரத்தத்தை நூறு மடங்கு நீர்த்து மறுபடி பார்க்கச் சொன்னார். மறுநாள் வந்த எண் 11,600.

இந்தப் பரிசோதனையில் இரண்டு ஆன்டிபாடிகள் ப்ரோலாக்டினை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேர்ந்து பிடித்த மூலக்கூறு மட்டும்தான் கணக்கில் வரும். ப்ரோலாக்டின் வெள்ளமாக இருந்தால் ஆளுக்கொரு மூலக்கூறைத் தனித்தனியாகப் பிடித்துக்கொள்கின்றன. சேர்ந்து பிடிக்க ஆளில்லை. இயந்திரம் குறைவு என்று காட்டிவிடும். பெரிய கட்டி, மிதமான ப்ரோலாக்டின் என்று இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால், நீர்த்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விதான் என்னை அறுவை மேசையிலிருந்து மாத்திரைக்கு மாற்றியது. ப்ரோலாக்டின் சுரக்கும் கட்டிக்கு முதல் வைத்தியம் மாத்திரை. கட்டியே பெரும்பாலும் அதில் சுருங்கிவிடும்.

ப்ரோலாக்டின் என்றால் தாய்ப்பால் ஹார்மோன் என்றுதான் நமக்குத் தெரியும். அது ஏன் என் எல்ஹெச்சை அடக்க வேண்டும்? பிட்யூட்டரிக்கும் மேலே ஹைபோதலாமஸ் இருக்கிறது. அங்கிருந்து ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோன் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு துடிப்பாக இறங்குகிறது. அந்தத் துடிப்பைக் கேட்டுத்தான் பிட்யூட்டரி பேசும். துடிப்பு வேகமானால் எல்ஹெச் தூக்கும், மெதுவானால் எஃப்எஸ்ஹெச் தூக்கும். இடைவிடாமல் ஒழுகினால் பிட்யூட்டரி காதைப் பொத்திக்கொள்ளும். அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் நோபிலின் குழு 1978-இல் குரங்குகளிடம் இதைக் காட்டியது: மணிக்கு ஒருமுறை கொடுத்தபோது எல்ஹெச்சும் எஃப்எஸ்ஹெச்சும் வந்தன, தொடர்ந்து ஏற்றியபோது நின்றன. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு டெஸ்டோஸ்டீரோனை நிறுத்தக் கொடுக்கும் சில ஊசிகள் இந்தச் சூட்சுமத்தில்தான் வேலை செய்கின்றன. என் விஷயத்தில் ப்ரோலாக்டின் அந்தத் துடிப்பையே மூழ்கடித்துவிட்டது. பாலூட்டும் தாய்க்கு மாதவிடாய் தள்ளிப்போவதிலும் இதற்குப் பங்குண்டு. என் உடம்பு இல்லாத குழந்தைக்குப் பாலூட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். மனைவி சிரிக்க மாட்டாள்.

பெண்களுக்கு ப்ரோலாக்டின் ஏறினால் மாதவிடாய் தப்பும், உடனே டாக்டரிடம் போவார்கள். அதனால் கட்டி ஒரு சென்டிமீட்டரைத் தொடுவதற்கு முன்பே பெரும்பாலும் பிடிபடுகிறது. ஆணுக்கு மாதாமாதம் அடிக்கிற மணி எதுவும் இல்லை. பார்வை போகும்வரை வளர விட்டுவிடுகிறோம்.

மாத்திரையின் பெயர் கேபர்கோலின். டோபமைன் மாதிரி நடிக்கும் மருந்து. உடம்பில் நெடுநேரம் தங்குவதால் வாரத்துக்கு இரண்டு முறை போதும். கால் மில்லிகிராமில் ஆரம்பித்து மெல்ல ஏற்றினார்கள். முதல் மாத்திரை போட்ட இரவு கழிவறைக்குப் போக எழுந்தவன் சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். ரத்த அழுத்தம் இறங்குமாம். சாப்பிட்டுவிட்டு, படுக்கப் போகும்போது போடுங்கள். எழும்போது கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். கட்டி சுருங்கும்போது மூக்கிலிருந்து தண்ணீர்போல ஒழுகினாலோ, திடீரென்று பொறுக்க முடியாத தலைவலி வந்து பார்வை மங்கினாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். எனக்கு இரண்டும் வரவில்லை.

வந்தது வேறு. நான்காவது மாதத்திலிருந்து ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து ஆன்லைனில் வாங்க ஆரம்பித்தேன். கேமராவே இல்லாத வீட்டுக்கு இரண்டு டிரைபாட் வந்து இறங்கின. எனக்கு அதில் எதுவும் விபரீதமாகப் படவில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டைப் படித்திருந்த மனைவிதான் டாக்டரிடம் சொன்னாள். சூதாட்டம், செலவு, அளவுமீறிய காம இச்சை என்று இந்த மருந்து சிலரைக் கட்டுப்பாடு இழக்க வைக்கும். அளவைக் குறைத்தார், அடங்கியது. இதை எடுப்பவர்கள் வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. நமக்கே தெரிய வராது.

பார்வை இரண்டு வாரத்தில் திரும்ப ஆரம்பித்தது. பார்வைப் பரப்பை மறுபடி பார்த்தபோது ஓரங்களில் பொட்டுகள் மின்னுவது தெரிந்தது. பொத்தானைத் தேவைக்கு மேலேயே அழுத்தினேன் என்று நினைக்கிறேன். ஒரு வருடத்தில் ப்ரோலாக்டின் 22, கட்டி 16 மில்லிமீட்டர்.

ஹார்மோன் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறவர்களுக்கு நான் அடிபட்டுக் கற்ற சில விஷயங்கள். டெஸ்டோஸ்டீரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். பத்து மணிக்குள், வேறு வேறு நாளில் இரண்டு முறை பாருங்கள், கூடவே எல்ஹெச்சும் எஃப்எஸ்ஹெச்சும் எடுக்கச் சொல்லுங்கள். ப்ரோலாக்டின் தூக்கத்தில் ஏறும், பதற்றத்திலும் ஏறும். எழுந்த கையோடு ஓடிப்போய்க் கொடுக்காமல் ஓரிரு மணி நேரம் கழித்து, கொஞ்சம் உட்கார்ந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு கொடுக்க வேண்டும். லேசாக ஏறியிருந்தால் கட்டி என்று பயப்படுவதற்கு முன் சாப்பிடும் மாத்திரைகளைப் பாருங்கள். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கும் டோம்பெரிடோன், லெவோசல்பிரைடு, மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் எல்லாமே ஏற்றும். (மனநல மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.) தைராய்டு குறைந்தாலும் ஏறும். பெண்ணாக இருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை பல லேப் இயந்திரங்களை ஏமாற்றிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், லேபிலும் சொல்லிவிடுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது பார்த்த எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் எண்களை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இன்னொன்று தைராய்டு. எனக்கு டிஎஸ்ஹெச் 1.9, எல்லாரும் நார்மல் என்றார்கள். தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் குறைவு. மறுபடி அதே கதைதான்: டிஎஸ்ஹெச்சும் பிட்யூட்டரியிலிருந்துதானே வருகிறது. கீழே தைராய்டு தூங்குகிறது, மேலே சத்தம் இல்லை. பிட்யூட்டரியில் கோளாறு உள்ளவர்கள் டிஎஸ்ஹெச்சை மட்டும் நம்பக் கூடாது. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே தைராய்டு மாத்திரையான தைராக்சின் ஆரம்பித்தார்கள். அந்த வரிசை மாறினால் ஆபத்து.

கட்டி நெடுநாள் நசுக்கியதால் எல்ஹெச் முழுதாகத் திரும்பவில்லை. டெஸ்டோஸ்டீரோன் 240-இல் நின்றுவிட்டது. இப்போது ஹெச்சிஜி ஊசி போகிறது. கர்ப்பிணிகளின் உடம்பில் ஊறும் ஹார்மோன் அது. எல்ஹெச்சின் பூட்டில் அதே சாவியாகப் பொருந்தும். கூடவே எஃப்எஸ்ஹெச் ஊசி. இந்த ஊசியின் பூர்வீகம் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சினைப்பை ஓய்ந்துவிடும், பிட்யூட்டரி விடாமல் கத்திக்கொண்டே இருக்கும், அந்த எஃப்எஸ்ஹெச்சும் எல்ஹெச்சும் சிறுநீரில் வழியும். இத்தாலியில் வயதான கன்னியாஸ்திரிகளிடமிருந்து சிறுநீர் சேகரித்துத்தான் இந்த மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கொடுத்து 1960களின் தொடக்கத்தில் குழந்தைகள் பிறந்தன. விந்தணு ஒரு சுற்று உருவாக 74 நாள் பிடிக்கும் என்பதால் மாதாமாதம் எண்ணிப் பார்த்து மனதை நோகடித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கடைசி எண்ணிக்கை 60 லட்சம்.

ஊசி போட்டுவிடுவது மனைவிதான். ரிப்போர்ட்டுகள் இருக்கும் கோப்பும் அவளிடம்தான் இருக்கிறது. அதில் முதல் தாள் என்னுடையது அல்ல, அவளுடையது. நாங்கள் முதல் தடவை டாக்டரிடம் போன வாரமே எடுத்தது. எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், டிஎஸ்ஹெச், ப்ரோலாக்டின் என்று வரிசையாக எல்லாம் இருக்கிறது. ப்ரோலாக்டின் 11. போன வாரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "அன்னைக்கே உங்களுக்கும் ஒரு குழாய் எடுத்திருந்தா முடிஞ்சிருக்கும்ல?" என்றாள். அவள் கையில் ஊசி குத்தியபோது நான் பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.